பாலும் முட்டையும் ஒவ்வாத பிள்ளைகள்

(சங்கத்தின் வெள்ளி விழா இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இக்கூட்டத்தில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். பிள்ளைகளின் சோற்றுத் தட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னபோது செயலாளர் சற்றே திகைத்தார். தலைமையாசிரியர் மருத்துவர் அல்லரே என்பது அவருடைய ஐயம். அது நியாயமான ஐயமே. நான் பி.ஏ., பி.எட். படித்தவன், மருத்துவம் படித்தவன் அல்லன். ஆயினும், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நண்பகலில் சத்துணவுக்கூடத்தின் வாசலில் நின்று பிள்ளைகள் உண்பதைப் பார்த்து வருபவன். இன்று நான் சொல்லப்போவனவற்றில் பெரும்பகுதி மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் அறிந்தது. ஒரு பகுதி நான் செய்த பிழையால் அறிந்தது. அந்தப் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்வராயன் மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் பணியாற்றிய காலம். ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி, சத்துணவில் முட்டை வைக்கும்போதெல்லாம் தட்டை மறைத்துக்கொள்வாள். வைத்துவிட்டால் அதை ஓரமாக ஒதுக்கிவிடுவாள். "அடம் பிடிக்கிறாள் ஐயா" என்றார் சமையல் செய்யும் அம்மாள். அன்று நானே அச்சிறுமியின் அருகில் அமர்ந்தேன். முட்டை தின்றால் உடம்பு தேறும், படிப்பு ஏறும் என்றெல்லாம் சொல்லி, பாதி முட்டையை உண்ணச் செய்தேன். தலைமையாசிரியர் சொல்லும்போது ஆறு வயதுக் குழந்தை எப்படி மறுக்கும்? கால் மணி நேரம் ஆகியிராது. உதடு வீங்கிற்று. கழுத்திலும் முதுகிலும் தடித்த தடிப்புகள் எழுந்தன. வாந்தி எடுத்தாள், பிறகு மூச்சு இரைக்கத் தொடங்கியது. ஓர் ஆசிரியரின் மோட்டார் சைக்கிளில் குழந்தையை நடுவில் உட்கார வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு ஓடினோம். தொடையில் போட்ட ஓர் ஊசி அவளைக் காப்பாற்றியது.

மாலையில் அவளுடைய தாய் வந்தார். எனக்கு அஞ்சி, கதவோரம் நின்றே பேசினார். "அதுக்கு முட்டை சேராதுங்க ஐயா. சின்ன வயசிலேயே ரெண்டு தடவை இப்படி ஆயிருக்கு. கொடுக்கிற சோத்துக்குக் குறை சொல்றாங்கன்னு நினைப்பீங்களோன்னு சொல்லலைங்க." இந்தச் சொற்களை நான் இன்றுவரை மறக்கவில்லை. கொடுக்கிற சோற்றுக்குக் குறை சொல்வதாக எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம் மலைமக்களுக்கு மட்டும் உரியதன்று. நம் தெருவிலும் அது உண்டு. ஏழையின் பிள்ளைக்கு ஒரு பண்டம் ஒவ்வாது என்று வாய்திறந்து சொல்லக் கூசுகிறோம். அந்தக் கூச்சத்தால் ஓர் உயிர் போயிருக்கும் என்பதே நான் பேச வந்த பொருள்.

1956-இல் காமராசர் ஆட்சியில் பகல் உணவுத் திட்டம் பரவலாயிற்று. 1982 சூலை 1-ஆம் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார்; 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது; 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. இவற்றால் மிகுந்த பயன் பெற்றவர்கள் நம் பிள்ளைகளே. நானும் பள்ளிச் சோற்றில் வளர்ந்தவன்தான். அந்த உணவைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேச என் நா எழாது. ஆனால் ஆயிரம் பிள்ளைகளுக்கு அமுதாவது ஒரு பிள்ளைக்கு நஞ்சாகலாம். அந்த ஒரு பிள்ளைக்கும் திட்டத்தில் இடம் உண்டு. முட்டை உண்ணாத மாணவருக்கு வாழைப்பழம் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதை உரிமையோடு கேட்கலாம்.

உடம்பு ஓர் உணவை ஏற்காமல் போவதில் இரு வகை உண்டு. பேச்சுவழக்கில் இரண்டையும் "சேரவில்லை" என்றே சொல்கிறோம். இவற்றைப் பிரித்தறிய வேண்டியது மிக இன்றியமையாதது.

முதல் வகை செரியாமை. பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது. அதைப் பிளந்து செரிக்கச் செய்யும் லாக்டேஸ் என்னும் பொருள் சிறுகுடலில் சுரக்கிறது. அது போதாவிட்டால், செரியாத சர்க்கரை பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள நுண்ணுயிர்களால் புளிக்கிறது. வயிறு உப்புகிறது, இரைகிறது, வலிக்கிறது, கழிச்சல் உண்டாகிறது. இது தொல்லை தருமேயன்றி உயிரைப் பறிக்காது. இரண்டாம் வகை ஒவ்வாமை. பாலிலோ முட்டையிலோ உள்ள புரதத்தை உடம்பின் காவற்படை பகையென்று எண்ணித் தாக்குகிறது. நம் பக்கத்தில் "காணாக்கடி" என்று சொல்கிறோமே, அத்தகைய தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு ஆகியன பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களுக்குள்ளோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ தோன்றும். சிறு துளியும் போதும். இது உயிருக்கே உலை வைக்கும்.

செரியாமையைப் பற்றி என் வீட்டுக் கதை ஒன்று உண்டு. நான் வளர்ந்த வீட்டில் பால் கிடையாது. எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் என் தந்தையாருக்குத் தனிக் குவளை. எங்கள் தெருவில் கறக்கும் பாலை ஊருக்குள் வாங்கமாட்டார்கள். பால் என்பது பிறர் வீட்டுப் பொருளாகவே எங்களுக்குத் தோன்றிற்று. அரசுப் பணி கிடைத்ததும் முதல் வேலையாக நாள்தோறும் அரை லிட்டர் பாலுக்கு ஏற்பாடு செய்தேன். என் மகன் கூழ் குடித்து வளரக் கூடாது. பால் குடித்தே வளர வேண்டும். அது என் வீம்பு. அவனுக்கு இரண்டு வயதில் வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டு வாரம் கடந்தும் நிற்கவில்லை. "பால் மாந்தம்டா, கொஞ்ச நாளைக்குப் பாலை நிறுத்து, கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சித் தரேன்" என்றார் என் தாயார். படித்த நான் படிக்காத தாயைக் கடிந்துகொண்டேன். பிறகு குழந்தை மருத்துவர் சொன்னார்: கடும் கழிச்சலால் குடலின் உட்பரப்பு தேய்ந்து, லாக்டேஸ் சுரப்பது தற்காலிகமாகக் குறைந்திருக்கிறது; சில நாள் மாட்டுப்பாலை நிறுத்திவிட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசலும், கஞ்சியும், குழைந்த சோறும், மோரும் கொடுங்கள் என்று. சில வாரங்களில் மகன் மீண்டும் பால் குடித்தான். என் தாயாரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வேறோர் உண்மையும் இங்குண்டு. கைக்குழந்தைகள் ஏறத்தாழ எல்லாருக்கும் லாக்டேஸ் நன்றாகச் சுரக்கிறது. தாய்ப்பாலில் மாட்டுப்பாலைவிட மிகுதியான லாக்டோஸ் உண்டல்லவா? தாய்ப்பால் மறந்த பின், வளர வளர, உலக மக்களில் மூன்றில் இரு பங்கினருக்கு இச்சுரப்பு குறைந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மாடு மேய்த்துப் பால் குடித்து வாழ்ந்த கூட்டத்தார் சிலரிடம் மட்டுமே அது முதுமைவரை நிலைக்கிறது. 1981-இல் வெளியான ஓர் ஆய்வில், தில்லியில் சோதிக்கப்பட்டோரில் 27.4 விழுக்காட்டினருக்குத்தான் பால் சர்க்கரை செரியவில்லை. திருவனந்தபுரத்திலும் நம் அண்டையிலுள்ள புதுச்சேரியிலும் சோதிக்கப்பட்டோரில் 66.6 விழுக்காட்டினருக்குச் செரியவில்லை. எனவே, பால் செரியாமை நோயுமன்று, இழிவுமன்று. தென்னாட்டில் அதுவே பெரும்பான்மையோரின் இயல்பு. "பாலும் நெய்யும் தின்ற உடம்பு" என்று சிலர் மார்தட்டும்போது நம் இளைஞர்கள் தலைகுனிய வேண்டியதில்லை.

செரியாமை உள்ளவர்களும் பாலை முற்றிலும் விலக்க வேண்டுவதில்லை. வளர்ந்தவர்களிற் பலர் ஒரு குவளைப் பாலை, அதுவும் உணவோடு சேர்த்துக் குடித்தால், தாங்கிக்கொள்கின்றனர். தயிரிலும் மோரிலும் நுண்ணுயிர்கள் சர்க்கரையின் ஒரு பகுதியைப் புளிக்கவைத்துவிடுவதால் அவை எளிதில் செரிக்கும். ஆனால், ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தயிரும் ஆகாது, மோரும் ஆகாது. புரதம் அவற்றிலும் அப்படியே இருக்கிறது. மாட்டுப்பால் ஒவ்வாதென்றால் ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்பார்கள். மலையிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. இரண்டின் புரதமும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், மாட்டுப்பால் ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது.

தாய்மார்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். ஆறு திங்கள் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். குழந்தைக்குக் கழிச்சல் என்று தாய்ப்பாலை நிறுத்துவது பெருங்கேடு. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பேதியானால், பாலைக் குறை சொல்லுமுன் புட்டியைப் பாருங்கள்; சரியாகக் கொதிக்கவைக்காத புட்டியே பல வேளைகளில் குற்றவாளி. டப்பாப் பாலை விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டின் சட்டமே தடுத்திருக்கிறது. ஆயினும், அதை வாங்குவது உயர்வு என்னும் எண்ணத்தை எச்சட்டமும் தடுக்கவில்லை. கைக்குழந்தையின் மலத்தில் இரத்தம் கண்டால் அது பால் ஒவ்வாமையாகவும் இருக்கலாம்; தாய் உண்ணும் பால்பொருளின் புரதம் தாய்ப்பால் வழியே செல்வதும் உண்டு. அப்போது தாய் எதை விலக்குவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டார் முடிவு செய்யலாகாது.

இதற்கு நேர்மாறான தீங்கும் உண்டு. ஒவ்வாமை என்று கேள்விப்பட்டதும் கண்டதையெல்லாம் விலக்கிவிடுகிறோம். வாழைப்பழம் சளி, தயிர் குளிர்ச்சி, கடலை பித்தம், கருவாடு சொறி! இப்படி விலக்கிக்கொண்டே போனால் பிள்ளையின் தட்டில் வெறுஞ்சோறும் இரசமுமே மிஞ்சும். உண்மையான உணவு ஒவ்வாமை நம் நாட்டில் அரிது. பெங்களூரு, மைசூருப் பகுதிப் பள்ளிச் சிறாரிடம் நடந்த ஒரு பன்னாட்டு ஆய்வு, ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கே அது உண்டெனக் கண்டது. அரிப்பெல்லாம் ஒவ்வாமை அன்று. எங்கள் பள்ளியில் "அலர்ஜி" என்று தாய்மார்கள் அழைத்துவந்த பிள்ளைகளிற் பலருக்கு இருந்தது சிரங்கு. விரலிடுக்கைப் பார்த்தாலே தெரிந்தது.

நிலக்கடலை பற்றி ஒரு செய்தி. இங்கிலாந்தில் வாழும் யூதக் குழந்தைகளைவிட இஸ்ரேலில் வாழும் குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை மிகக் குறைவு. அவர்கள் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடலை சேர்ந்த தின்பண்டத்தை உண்கின்றனர். இதைக் கண்டு இலண்டனில் 640 குழந்தைகளை வைத்து ஆய்ந்தனர். ஒவ்வாமை வரக்கூடும் எனக் கருதப்பட்ட அக்குழந்தைகளில், முதல் ஆண்டிலிருந்தே கடலை உண்டவர்களிடம் ஐந்து வயதில் ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. 2015-இல் இம்முடிவு வெளியானது. அஞ்சி விலக்குவதே ஒவ்வாமையை வளர்க்கக்கூடும் என்பது இதனால் தெரிகிறது. ஆறு திங்களுக்குப் பின் பல உணவுகளையும் ஒவ்வொன்றாகப் பழக்குவதே நலம். தோலில் கடுங்கரப்பான் உள்ள குழந்தைக்கும், முன்பே ஏதேனும் ஒவ்வாமை கண்ட குழந்தைக்கும் மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகு கொடுக்க வேண்டும். கடலையை அரைத்துக் கூழில் கலந்து கொடுங்கள். முழுக் கடலை சிறு குழந்தையின் மூச்சுக்குழலை அடைத்துவிடும்.

பாலை விலக்க நேர்ந்த பிள்ளைக்கு ஈடாக எதைக் கொடுப்பது? நம் பாட்டிமார் கூழ்ப்பானையில் விடை இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அதே எடையுள்ள பாலில் 120 மில்லிகிராம்தான். ஊறவைத்து முளைகட்டினாலும், மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டாலும் அச்சத்து உடம்பில் மேலும் நன்றாகச் சேரும். ஆனால் தண்ணீராய்க் கரைத்த கூழ் ஒரு குவளை, பால் ஒரு குவளைக்கு ஈடென்று எண்ணிவிடாதீர்கள். களியாகவோ அடையாகவோ கொடுப்பதே மேல். மலையில் விளையும் சாமைக்கும் இதே புகழைச் சிலர் சூட்டுகின்றனர். சாமை நல்ல தவசமே. ஆனால் அதில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடு ஆகியவை பெரிதும் உதவும். புரதத்துக்குப் பருப்பும், ஒவ்வாமை இல்லாவிடில் முட்டையும் மீனும் வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் இவை பாலுக்கு மாற்றாகா. அங்கே மருத்துவர் சொல்வதே வழி.

இனி இளைஞர்களே, உங்களுக்குரிய வேலையைச் சொல்கிறேன். ஒவ்வாமையை அறிய ஊசிக்குத்துச் சோதனையும் இரத்தச் சோதனையும் உள்ளன. ஆயினும் மருத்துவர் முதலில் கேட்பது கதையைத்தான். என்ன உண்டது, எவ்வளவு உண்டது, எத்தனை நிமிடத்தில் என்ன ஆயிற்று, இதற்குமுன் இப்படி ஆனதுண்டா? கூலி வேலைக்குப் போகும் தாய் இதையெல்லாம் நினைவில் வைத்திருப்பது அரிது. வீட்டில் படித்த அண்ணனோ அக்காவோ ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்தால் போதும். அந்த நோட்டோடு போனால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பாதி வேலை முடிந்துவிடும். 2022 முதல் நம் மாவட்டத்துக்கென்றே அக்கல்லூரி இருக்கிறது. முன்போல் எல்லாவற்றுக்கும் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓட வேண்டுவதில்லை.

அடைத்து விற்கும் தின்பண்டத்தின் உறையில் பால், முட்டை, கடலை, கோதுமை, சோயா, மீன் முதலியன சேர்ந்திருந்தால் அதைத் தனியே குறிக்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும். கேசீன், வே என்று கண்டால் அவையும் பால்தான். இவற்றைப் படித்துச் சொல்ல உங்களைத் தவிர நம் தெருவில் யார் இருக்கிறார்கள்? பெட்டிக்கடையில் உதிரியாக விற்பவற்றுக்கு உறையே இல்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அவற்றை வாங்கித் தராமலிருப்பதே காப்பு.

பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். வாயால் சொல்வதோடு நில்லாமல், எழுதிக் கொடுங்கள். அங்கன்வாடியின் சத்துமாவில் கோதுமையும் பருப்பும் கலந்திருக்கும். காலை உணவின் ரவையும் சேமியாவும் கோதுமைதான். எதற்கு ஒவ்வாமையோ அதைப் பெயர் சொல்லிக் குறியுங்கள். முட்டை ஒவ்வாத பிள்ளைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடலாகாது என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம். அது அவர்களுக்கும் தீங்கற்றதே.

மூச்சிரைப்பு, குரல் கம்முதல், நாக்கு வீக்கம், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் மந்திரிக்கவோ தழைச்சாறு பிழியவோ நிற்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அட்ரினலின் என்னும் ஊசியே மருந்து. அது தொடையில் போடப்பட வேண்டும். தடிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை அதற்கு ஈடாகாது. பிள்ளையைக் காலைச் சற்றே உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். நான் அன்று அச்சிறுமியை வண்டிவரை நடத்தியே கூட்டிச் சென்றேன். அது எவ்வளவு ஆபத்தான செயல் என்பது பின்னரே எனக்குத் தெரிந்தது. கல்வராயன் மலையின் உட்சிற்றூர்களில் கைபேசிக்குத் தொடர்பு கிடைப்பதே சில இடங்களில் அரிது. வண்டி ஏறிவரவும் நேரமாகும். அங்குள்ளவர்கள் ஊரிலுள்ள யாருடைய வண்டி எந்நேரமும் கிடைக்கும் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் நோட்டுகள் வைக்கப்பட்டிருக்கும். ஐயமுள்ள பிள்ளை இருக்கும் வீட்டார் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்கள் ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்துக்கு வந்தால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பெண்கள் கேட்டு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அச்சிறுமியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வயது ஏற ஏற நீங்கிவிடும். அவளுக்கும் மருத்துவமனையில் வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்து, இனி உண்ணலாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆனால் அவளுக்கு முட்டையின் வாடையே பிடிக்கவில்லையாம், வாழைப்பழத்தைத்தான் கேட்கிறாளாம். அந்தப் பள்ளியில் இப்போதுள்ள தலைமையாசிரியரும் மறுபேச்சில்லாமல் பழத்தையே கொடுக்கச் செய்திருக்கிறார்.